சடங்குக்குக் களி, பேறுகாலத்துக்கு மாத்திரை

எங்கள் உடன்குடி வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்கு வீட்டுச் சாப்பாட்டில் முதல் பங்கு கிடைத்த சமயங்கள் ஆயுசுக்கும் இரண்டுதான். பெரிய மனுஷி ஆனபோது உளுந்தங்களி. பிள்ளை பெற்றபோது காயமும் லேகியமும். மற்றபடி மாதாமாதம் கண்ணை இருட்டிக்கொண்டு வந்த நாட்களில் என்ன கொடுத்தார்கள் என்று எந்த ஆச்சியைக் கேட்டாலும் சட்டென்று பதில் வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்குன்னு என்னத்தக் குடுக்க? செத்த உக்காந்துட்டு எந்திச்சுப் போவோம்" என்பார்கள்.

இந்தத் தேரிக்காட்டு ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தீட்டு நாட்களில் வருகிற கிறுகிறுப்புக்கு எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாக என்ன செய்து சமாளித்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். எழுத உட்கார்ந்தால் பாதிக்கு மேல் இரும்பின் கதையாகவே வருகிறது.

களியிலிருந்து தொடங்குகிறேன். தொலி உளுந்தை வாணலியில் வெறுமனே போட்டு, வாசம் வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வரும்வரை வறுக்க வேண்டும். கூட ஒரு கைப்பிடி பச்சரிசி. இரண்டையும் திருகையில் இட்டு மாவாக்கிக் கொள்வார்கள். கருப்பட்டியைத் தட்டிப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டியாக வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி என்றால் அடியில் கொஞ்சம் மணலும் சுண்ணாம்பும் தங்காமல் இருக்காது. அந்தப் பாகு கொதிக்கும்போது மாவைத் தூவித் துடுப்பால் கிண்ட வேண்டும். கை ஓய்ந்தால் கட்டி தட்டிவிடும். நல்லெண்ணெயை விட விட மாவு அதைக் குடித்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் குடித்த எண்ணெயைத் திரும்பக் கக்கிப் பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலகி வரும். அதுதான் பதம். உருட்டி, நடுவில் கட்டை விரலால் குழி பண்ணி, அந்தக் குழியிலும் எண்ணெய் ஊற்றித்தான் கொடுப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு களி. ஒன்பது நாளோ பதினாறு நாளோ, வீட்டு வசதிப்படி.

இடுப்புக்குப் பலம் என்பார்கள். பலம் உண்டுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்தவள் ஆதலால் கணக்கும் போட்டுப் பார்த்திருக்கிறேன். 100 கிராம் தொலி உளுந்தில் இருக்கும் இரும்புச்சத்து சுமார் 6 மில்லிகிராம். பயறும் தானியமும் தின்னும் உடம்பு அதில் 5 முதல் 8 சதவீதத்தைத்தான் உறிஞ்சும். ஆக ஒரு நாள் களியிலிருந்து ரத்தத்தில் சேருவது அரை மில்லிகிராம் தேறினால் பெரிது. மாதவிலக்கில் சாதாரணமாகப் போகிற ரத்தம் 30, 40 மில்லி. அதோடு போகிற இரும்பு 15 முதல் 20 மில்லிகிராம். பதினாறு நாளும் விடாமல் களி தின்ற பிள்ளைகூட முதல் மாத இழப்பில் பாதியைத்தான் ஈடுகட்டியிருப்பாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஏறக்குறைய 400 மாதவிலக்குகள் காத்திருந்தன. களி ஒரு தடவையோடு சரி.

இதே சடங்கில் இரும்பு வேறு ஒரு வேஷத்திலும் வரும். தாய்மாமன் ஓலையால் குச்சில் கட்டிக் கொடுக்க, உள்ளே உட்காருகிற பிள்ளைக்குத் துணையாக ஓர் உலக்கையைக் குறுக்கே போட்டுவைப்பார்கள். வெளியே போக வேண்டி வந்தால் கையில் வேப்பிலைக் கொத்தும் ஓர் இரும்புத் துண்டும் கொடுத்து அனுப்புவார்கள். அரிவாளோ, ஆணியோ, பழைய சாவியோ, எதுவாக இருந்தாலும் சரி. காற்றுக் கருப்பு அண்டாது என்பது நம்பிக்கை. இரும்புக்கு எங்கள் பக்கம் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய அலெக்சாண்டர் ரியா தாழிகளோடு இரும்புக் கருவிகளையும் அள்ளி எடுத்தார். எங்கள் தேரி மணல் சிவப்பாக இருப்பதற்கே இரும்பு ஆக்சைடுதான் காரணம். காலுக்கடியிலும் கையிலும் இரும்பு இருந்தது. ரத்தத்தில்தான் இல்லை.

குச்சில், ஒதுக்கம், தனித் தட்டு என்பதெல்லாம் மாதாமாதம் எல்லாப் பெண்களுக்கும் வாய்த்தது என்று நினைக்கக் கூடாது. ஒதுங்கி உட்கார ஒரு கூரை வேண்டும். அவள் வேலையைப் பார்க்க வீட்டில் இன்னொரு பெண்ணும் வேண்டும். இரண்டும் உள்ள வீடுகளில் மூன்று நாள் ஒதுக்கம் நடந்தது. அது ஓய்வா தண்டனையா என்று வழக்காடுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. உட்காரக் கிடைத்தது லாபம். மிச்சம் மீதி ஆறிய சோறாக வந்தது நஷ்டம் என்பேன். அதோடு மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ விடியற்காலையில், வெறும் வயிற்றோடு, பச்சைத் தண்ணீரில் தலைமுழுக்கு. கிணற்றடியில் மயங்கி விழுந்த கதை எந்தத் தெருவிலும் ஒன்றிரண்டு கிடைக்கும்.

பனையேறி வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பேச்சே கிடையாது. பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரைக்கும் பதநீர்க் காலம். ஆண் விடியுமுன்னே மரம் ஏறுவான். இறக்கிய பதநீர் அன்றைக்கே காய்ச்சப்பட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப் போகும். பனங்காட்டுக்குள் ஓலையால் வேய்ந்த விடிலி. அதற்குள் மண் அடுப்பு. எரிக்க உடைமுள்ளும் காய்ந்த ஓலையும். பதநீர் கொதித்துச் சுண்டிக் கூப்பனிப் பதம் வந்து, அதையும் தாண்டிச் சிரட்டையில் ஊற்றுகிற பதத்துக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் ஒருத்தி பக்கத்திலேயே நின்று கிண்ட வேண்டும். பொங்கினால் ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டு அடக்க வேண்டும். வெளியே சித்திரை வெயில், உள்ளே அடுப்புச் சூடு. மாதத்தில் எந்த நாளாக இருந்தாலும் அவள்தான் நிற்க வேண்டும். தூரமான பெண் தொட்டால் ஆகாது என்ற விதியெல்லாம் பதநீர் புளிக்கிற அவசரத்துக்கு முன்னால் நிற்காது.

விடிலியில் தலை சுற்றினால் அந்தப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அடுப்பை விட்டு விலகி வெளியே வந்து, மண்ணில் அப்படியே குத்த வைத்து, தலையை முழங்காலுக்கு நடுவே கவிழ்த்துக்கொள்வார்கள். பிறகு ஒரு பட்டைப் பதநீர் குடிப்பார்கள். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு மயக்கத்துக்கு முதலுதவி என்று சொல்லிக் கொடுத்ததும் ஏறக்குறைய இதைத்தான்: தலையைத் தாழ்த்து, காலை உயர்த்து, தண்ணீரும் சர்க்கரையும் கொடு. மூளைக்குப் போகிற ரத்தம் ஒரு நிமிஷம் குறைகிறது. தலையைத் தாழ்த்தினால் திரும்ப வருகிறது. புத்தகம் படிக்காமல் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பதநீர்க் காலம் முடிந்தபின் அதே வேலையை நீராகாரமும் உப்பும் பார்த்தன.

வயதுப் பிள்ளைகள் விழுந்தால் மட்டும் கதை வேறு. கலியாணத்துக்கு நிற்கிற வயதில் ஒருத்தி பனங்காட்டில் மயங்கி விழுந்தால் வீட்டார் முதலில் தேடுவது கோடாங்கியை. உச்சிப் பொழுது, தனியாகப் போனாள், தீட்டு வேறு, பிடித்துக்கொண்டது என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு பிள்ளைக்கு மூன்று வெள்ளிக்கிழமை வேப்பிலை அடித்து, நாலாவது வாரம் என்னிடம் கூட்டி வந்தார்கள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. "மாசம் எத்தன நாள் படும்மா?" என்று கேட்டேன். தாய்தான் பதில் சொன்னாள், "எட்டு, பத்து நா கூடப் போவும். எனக்கும் அப்படித்தான், எங்காத்தாளுக்கும் அப்படித்தான்." மூன்று தலைமுறை ரத்தம் போயிருக்கிறது. பேய்க்குக் கழிப்புக் கழித்தார்களே ஒழிய, பெரும்பாடு என்று வைத்தியரிடம் ஒருவரும் போகவில்லை.

வைத்தியரிடம் போயிருந்தால் ஏதோ கிடைத்திருக்கும். சித்த மருத்துவத்தில் பாண்டு நோய்க்குச் சொன்ன மருந்துகளில் பெரும்பாலும் இரும்பு இருக்கிறது. அயச்செந்தூரம், அயக்காந்தச் செந்தூரம், பழைய இரும்புக் கிட்டத்தைப் புடம் போட்டுச் செய்கிற மண்டூரம், கூடவே கரிசலாங்கண்ணி. இவற்றில் அன்னபேதிச் செந்தூரம் எனக்கு எப்போதும் வியப்பு. பச்சை நிறத்தில் பளபளக்கும் அன்னபேதி என்பது வேறொன்றுமில்லை, ஃபெரஸ் சல்பேட். சர்க்கார் சிவப்பு மாத்திரையில் இருப்பதும் அதே உப்புதான். வைத்தியர் அதை எலுமிச்சம் பழச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, புடம் போட்டுச் சிவக்க எடுப்பார். புடத்தில் அது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடாக மாறிவிடும். சுலபத்தில் உடம்பில் சேராது. அந்தப் பச்சை உப்பாகவே கொடுத்திருந்தால் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், வயிறும் கூடுதலாகக் கெட்டிருக்கும். பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தபிறகு இந்த மருந்துகள் ஏழைகளுக்கும் கிடைத்தன. அதற்கு முன் செந்தூரம் வாங்கக் கையில் காசு வேண்டும். ஒரு பெண்ணின் மாதாந்தரத் தலைசுற்றலுக்காகக் காசை அவிழ்க்கிற வீடு குறைவு.

இந்த விஷயத்தில் வெள்ளைக்காரன் வெகு தூரம் முன்னால் இருந்தான் என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் வயதுப் பெண்கள் வெளிறி, படியேறினால் மூச்சு வாங்கி மயங்குவதைக் 'கன்னியர் நோய்' என்று 1554-இலேயே எழுதிவைத்தார்கள். மருந்தாகச் சீக்கிரம் கலியாணத்தைச் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதும் அதேதான். 1681-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இரும்புத் தூளைத் திராட்சை மதுவில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். 1832-இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் பிளோ ஃபெரஸ் சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து உருண்டை பிடித்தார். அந்தப் 'பிளோ மாத்திரை' உலகம் முழுக்க ஓடியது. ஆனால் அந்த வெளிறலுக்குக் காரணமே இரும்புக் குறைவுதான் என்று ரால்ஃப் ஸ்டாக்மன் நிறுவிக் காட்டியது 1893-இல். மருந்தைக் கொடுத்து இரு நூற்றாண்டுக்குப் பிறகு நோய் தெரிந்தது.

அந்தக் காலத்தில்தான் புட்டி மருந்துக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். கனடாவிலிருந்து 'வெளிறியவர்களுக்கான டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் பில்ஸ்' இந்தியப் பத்திரிகைகளில் விளம்பரமாக வந்தது. உள்ளே இருந்த சரக்கு இரும்பு உப்பு. சென்னையில் டாக்டர் கே. என். கேசரி தம் கேசரி குடீரத்திலிருந்து பெண்களுக்கென்றே 'லோத்ரா' விற்றார். அந்த வருமானத்தில் 1928-இல் 'கிருகலட்சுமி' என்று தெலுங்கில் ஒரு பெண்கள் பத்திரிகையும் நடத்தினார். மாதவிலக்கு என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாத காலத்தில், அதற்கு மருந்து உண்டு என்று அச்சில் வந்ததே பெரிய காரியம். புட்டிக்குள் இருந்த மருந்தைவிட வெளியே இருந்த விளம்பரம் பெண்களுக்கு அதிகம் உதவியது என்பது என் கட்சி.

சோகையைப் பற்றி நம் மண்ணில் நடந்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவருடையது. 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே மில் வேலைக்குப் போகிற கர்ப்பிணிகள் ரத்தம் செத்துச் சாவதற்குக் காரணம் தேடினார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1929-இல் சில மாதங்கள். 1931 வாக்கில் சென்னை கோஷா ஆஸ்பத்திரி, அதாவது இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. எலிக்கும் குரங்குக்கும் அந்த ஏழைப் பெண்கள் தின்ற சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார். சோகை வந்தது. ரொட்டியில் தடவித் தின்கிற மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் சரியானது. 'வில்ஸ் காரணி' என்று அப்போது பேர் வைத்தார்கள். பிறகு கீரையிலிருந்து 1941-இல் அதைப் பிரித்தெடுத்துப் ஃபோலிக் அமிலம் என்றார்கள். நான் வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்த மாத்திரையில் பாதிக் கதை திருவல்லிக்கேணியில் எழுதப்பட்டது என்பது எனக்குப் பெருமை. கூடவே ஒன்றையும் கவனித்தேன். வில்ஸ் தேடியதும் கர்ப்பிணிகளுக்காகத்தான்.

மாதவிலக்கு போக, ரத்தம் வெளியேற இன்னொரு வாசலும் இருந்தது. 1920-களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை செய்தது. செருப்பில்லாத காலோடு ஈரமான வாழைத் தோட்டத்திலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் நடக்கிறவர்களின் பாதத்தைத் துளைத்து ஏறுகிற புழு அது. குடலில் ஒட்டிக்கொண்டு, ஒரு புழு ஒரு நாளைக்கு 0.2 மில்லி வரை ரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் இரண்டு நாளில் ஒரு மாதவிலக்கு அளவு ரத்தம் போய்விடும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இரண்டு வாசல் வழியாகவும் ரத்தம் போனது. கக்கூஸும் செருப்பும் வராமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைப் பானை விவகாரம்.

1970-இல் மத்திய அரசு ஊட்டச்சத்துச் சோகைத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை, ஒரு கர்ப்பிணிக்கு நூறு. பால் கொடுக்கிற தாய்க்கும், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவளுக்கும் உண்டு; சிறு குழந்தைகளுக்குச் சின்ன மாத்திரை. 1990-களின் தொடக்கத்தில் இரும்பின் அளவை 100 மில்லிகிராம் ஆக்கினார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை மட்டும் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. என் ஆச்சி காலத்து வழக்கம் எப்படி இருந்ததோ அப்படியே டெல்லித் திட்டமும் இருந்தது. பிள்ளை சுமக்கிற உடம்புக்குச் சோறும் மருந்தும் உண்டு. பிள்ளை சுமக்காமல் மாதாமாதம் ரத்தம் இழக்கிற உடம்பு கணக்கில் வராது. ஊர் வழக்கம் மூடத்தனம், சர்க்கார் திட்டம் விஞ்ஞானம் என்று பிரித்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் இதைத்தான் சொல்வேன்.

பட்டியலில் இல்லாத பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்காமல் இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். எந்த ஊரிலும் நாலு கர்ப்பிணிகளாவது மாத்திரையைத் தின்ன மாட்டார்கள். கரண்டியை நக்கிய மாதிரிக் கைப்பு, குமட்டல், வெளிக்குப் போனால் தார் மாதிரிக் கறுப்பு. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற பயம் வேறு. கூரை ஓலையில் செருகி வைத்த மாத்திரைகளை நான் எடுத்த வீடுகள் நிறைய. அந்த மிச்சத்தை, இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, தலை சுற்றுகிற பிள்ளைகளுக்குத் தந்த செவிலியர்கள் என்னோடு பலர் இருந்தார்கள். பேர் சொல்ல மாட்டேன்.

யாருக்குத் தருவது என்று எப்படித் தெரியும்? முதலில் கண் இமையும் நகமும் நாக்கும்தான். டால்க்விஸ்ட் காகிதம் ஒன்று வரும்: ஒற்றுத்தாளில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, அச்சடித்த சிவப்புப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் நலமாகத் தெரிவார்கள். கொஞ்சம் நம்பகமானது சாலி கருவி. பெர்ன் நகர மருத்துவர் ஹெர்மன் சாலி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தது, எங்கள் துணை சுகாதார நிலையத்தில் நூற்றாண்டின் கடைசிவரை வேலை பார்த்தது. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 'இருபது' குறிவரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். மோதிர விரலில் ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, இரண்டாவது சொட்டை மெல்லிய குழாயில் வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் தப்பு, காற்றுக் குமிழி வந்தால் தப்பு. அமிலத்தில் விட்டதும் ரத்தம் கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு மாறும். பத்து நிமிஷம் பொறுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, பக்கத்தில் இருக்கிற பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துப்போகும் இடத்தில் ஹீமோகுளோபின் எண்ணைப் படிக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தால் பழுதில்லை. வேப்பிலை அடித்துக் கூட்டிவந்த அந்தப் பிள்ளைக்கு நான்கு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை, நிறம் ஒத்துவிட்டது. ஏழுக்குக் கீழே.

அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மற்றவர்களுக்கு நான் சொன்னது எல்லாமே சின்னச் சின்ன விஷயம். மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, குமட்டல் தூக்கத்தில் போய்விடும். டீயோடு போடாதே, டீ இரும்பை விடாது. முருங்கைக் கீரைக்கு ஒரு எலுமிச்சம் பழம் பிழி, இல்லாவிட்டால் நெல்லிக்காய் கடி. தீட்டு நாளில் காலைச் சாப்பாட்டை விடாதே. பாயை விட்டு எழுந்திருக்கும்போது ஒருக்களித்து, உட்கார்ந்து, அப்புறம் நில். துணி ஒரு மணி நேரத்துக்கு ஒன்று நனைந்தாலோ கட்டி கட்டியாக விழுந்தாலோ கருப்பட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதே, வா. எல்லாத் தலைசுற்றலும் சோகை ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்று வலியின் வேகத்தில் நரம்பு வழியாக ரத்த அழுத்தம் இறங்கி மயங்குகிறவர்கள் உண்டு. அந்த நாட்களில் ஒற்றைத் தலைவலியோடு வீடே சுழல்கிற மாதிரிப் படுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ரத்தம் பதின்மூன்று இருக்கும். இரும்பு தின்று பயனில்லை. படுக்கவும் வலிக்கு மாத்திரை போடவும் இடம் வேண்டும்.

வளரிளம் பெண்ணை அரசு கண்டுகொண்டது பிந்தித்தான். தமிழ்நாட்டில் 2012-இல் 'புதுயுகம்' திட்டம் வந்து, கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுத்தோம். இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஆறு. 2013-இல் நாடு முழுக்க வாரம் ஒரு நீல நிற இரும்பு மாத்திரை, வருஷத்துக்கு இரண்டு தடவை குடற்புழு மாத்திரை. 1970-க்கும் 2013-க்கும் நடுவே நாற்பத்து மூன்று வருஷம். நாப்கின் கையில் வந்தபிறகுதான் எவ்வளவு படுகிறது என்று பிள்ளைகள் எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார்கள். பழைய துணியில் அந்தக் கணக்கு வராது. 'ஒரு நாளைக்கு ஏழுக்கா' என்று ஒருத்தி சொன்னால் அதற்கு மேல் நான் கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் சோகை. முந்தைய ஆய்விலிருந்து இறங்கியது ஒன்றிரண்டு சதவீதம்.

விடிலிகள் குறைந்துவிட்டன. அடுப்பு முன்னால் நின்ற பெண்களின் பேத்திகள் தியாகராய நகர்க் கடைகளில் நிற்கிறார்கள், வடக்கே பின்னலாடை மில்களில் நிற்கிறார்கள். எங்கள் நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து பட்டணத்து ஜவுளிக்கடைக்குப் போகும் பிள்ளைகளின் பாட்டை வசந்தபாலன் 2010-இல் 'அங்காடித் தெரு' படமாக எடுத்தார். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி பத்து வரை நிற்பது. ஆலைகளில் தீட்டு வலிக்குப் பேரில்லாத மாத்திரையைக் கொடுத்து வேலைக்குத் திருப்பி அனுப்புவது 2019-இல் செய்தியாக வந்து பரபரப்பானது. கேரளம் 2018-இல் செய்ததைப் பார்த்துத் தமிழ்நாடும் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது: வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும். செந்தூரம், பிங்க் பில்ஸ், சிவப்பு மாத்திரை, நீல மாத்திரை எல்லாம் வந்தபிறகு, 'செத்த உக்காந்துட்டு எந்திச்சுப் போவோம்' என்ற ஆச்சியின் வைத்தியம் அரசிதழில் ஏறியது.

போன தைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு பிள்ளையிடம், உங்கள் கடையில் இருக்கை போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். "தளத்துக்கு நாலு ஸ்டூல் இருக்குக்கா. ஆள் பதினெட்டு. கஸ்டமர் இருந்தா உக்காரப்படாது, சூப்பர்வைசர் நின்னாலும் உக்காரப்படாது" என்றாள். தலை சுற்றினால் என்ன செய்வீர்கள் என்றேன். துணி எடுக்கிற சாக்கில் கீழ்த்தட்டுப் பக்கம் குனிந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வார்களாம். யாருக்கு அந்த நாள் என்று தெரிந்து, மற்றவள் கவுண்டரைப் பார்த்துக்கொள்வாளாம். மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். போடுகிறாள், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். ஹாஸ்டலில் சாப்பாடு பத்தரைக்கு.